டெக் அடிப்பதா, கல் முற்றம் போடுவதா?

அன்புள்ள தம்பிக்கு,

ஏஜக்ஸில் வாங்கிய வீட்டில் ஐப்பசியில் குடிபுகுந்ததாகவும், பின்வளவில் மரப்பலகையால் டெக் என்கிற உயர்ந்த மேடை அடிப்பதா அல்லது கனடாவில் பேட்டியோ என்று சொல்கிற கல் முற்றத்தைத் தரையோடு போடுவதா, எது மலிவு, எது நிலைக்கும் என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒன்ராறியோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருப்பவன், இரண்டையும் என் வீட்டில் செய்வித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்போது நான் மட்டக்களப்பில், ஆரையம்பதியில் அம்மாவுடன் நிற்கிறேன். நேற்றிரவு விடிய விடிய மாரி மழை பெய்தது. காலையில் கதவைத் திறந்தால் முற்றத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூடத் தேங்கியிருக்கவில்லை. தாழ்வாரத்து நீர் சொட்டிய இடத்தில் மட்டும் மணலில் வரிசையாகச் சிறு குழிகள் இருந்தன. 2011 தை மாதம் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் வேறு கதை. மற்றப்படி வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நம் எழுவான்கரை மணல் பெய்கிற மழையைக் குடித்துவிடும். களுவாஞ்சிகுடியில் வளர்ந்த உங்களுக்கும் எனக்கும் முற்றத்தின் வாட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. ஆனால் ஏஜக்ஸ் பக்கத்தில் பல வளவுகளில் மேல்மண்ணுக்குக் கீழே களிமண்தான் கிடக்கிறது. அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் அந்த நீர் உறைந்து விரியும்போது மேலே எதை வைத்திருந்தாலும் தூக்கிவிடும். அங்கே டெக்கின் தூண்களுக்கு நான்கு அடி ஆழத்தில் அத்திவாரம் போடச் சொல்வது இந்த உறைபனிக்காகத்தான்.

ஆகையால் முதலில் பின்கதவின் வாசற்படியிலிருந்து புல்தரை வரை எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு படி உயரம்தான் என்றால் கல் முற்றம் போடுங்கள். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. உங்கள் அம்மா வந்து நிற்கும் காலத்தில் கைத்தடியோடு வெளியே இறங்கிக் கதிரை போட்டு இருக்கவும் அதுவே வசதி. நான்கு, ஐந்து படிக்கு மேல் என்றால் டெக்தான் சரி. அந்த உயரத்திலிருந்து கல் முற்றத்துக்கு ஏறி இறங்க வேண்டியிருந்தால், சாப்பாட்டுத் தட்டோடு வெளியே போவதை ஒரு மாதத்திலேயே விட்டுவிடுவீர்கள்.

டெக்கின் தளம் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் நகரசபையின் கட்டிட அனுமதி எடுக்க வேண்டும். கைப்பிடி வேலியும் கட்டாயம். வேலியின் உயரம் குறைந்தது 90 சென்ரிமீற்றர், தளம் 1.8 மீற்றருக்கு மேல் என்றால் 107 சென்ரிமீற்றர். கம்பிகளுக்கு இடையே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, குழந்தையின் தலை நுழைந்துவிடும். அனுமதி தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். டெக் சுவரோடு சேருகிற பலகையைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். புதிய வீடுகளின் செங்கல் வெறும் வெளிப்போர்வை. அது பாரம் தாங்காது. பிறந்தநாளுக்கு நம் சனம் முப்பது, நாற்பது பேர் ஒன்றாக ஏறி நிற்கும் டெக்கை அந்தச் செங்கல்லில் தொங்கவிடுவது பயங்கரமான வேலை. சுவரை ஒட்டியே தனித் தூண்களை நிறுத்திச் சுமையை நிலத்துக்கு இறக்குவதே நல்லது. உளுக்காமல் இருக்க மருந்தூட்டிய பலகைக்குத் துத்தநாகம் பூசிய ஆணிகளையே அடிக்க வேண்டும். அந்த மருந்து சாதாரண இரும்பை அரித்துவிடும்.

கல் முற்றத்தில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை, மலிவாக முடித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். அவர் புல்லைச் செதுக்கி, மூன்று அங்குலம்கூடத் தோண்டாமல், மணலைப் பரப்பிக் கல்லை அடுக்கிவிட்டுப் போய்விட்டார். பார்க்க அழகாகவே இருந்தது. இரண்டாவது வசந்தத்தில் மகள் முற்றத்தின் நடுவில் விட்ட பந்து, யாரும் தட்டாமலே உருண்டு வந்து வீட்டுச் சுவரில் முட்டி நின்றது. பனி தூக்கியதில் வாட்டம் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தச் சித்திரையில் பேஸ்மென்ட் என்கிற நிலக்கீழ்த் தளத்தில் கம்பளத்தின் ஒரு மூலை நனைந்து நாறியது. எல்லாவற்றையும் பெயர்த்து, பத்து அங்குலம் தோண்டி, ஆறு அங்குலச் சல்லிக்கல்லை இரண்டு படையாகக் கொட்டி ஒவ்வொன்றையும் இயந்திரத்தால் இறுக்கி, அதன்மேல் ஒரு அங்குல மணல் பரப்பி, அடிக்குக் கால் அங்குலம் வீதம் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்து, அதே கற்களைத் திரும்பப் பதித்தோம். இன்று வரை அசையவில்லை. பழைய கற்களையே எடுத்துத் திரும்பப் போட முடிந்ததுதான் கல் முற்றத்தின் பெரிய நன்மை. உளுத்த பலகையை அப்படிச் செய்ய முடியாது.

மலிவைப் பொறுத்தவரை, முறையாகச் செய்த கல் முற்றம் சாதாரணப் பலகை டெக்கைவிட மலிவாக வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். காசில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத தோண்டலுக்கும் சல்லிக்கல்லுக்குமே போய்விடும். ஆனால் பலகைக்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை கழுவிச் சாயம் பூச வேண்டும். வார இறுதியிலும் வேலைக்குப் போகிற நீங்கள் அதற்கு நேரம் ஒதுக்குவீர்களா என்று யோசியுங்கள். கரி அடுப்பில் மீன் சுடும் எண்ணமிருந்தால் அதைக் கல்லின்மேல் வையுங்கள், பலகையின்மேல் வேண்டாம்.

எதைச் செய்தாலும், மண்ணில் மண்வெட்டி வைக்க முன்னர் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்தால், எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். இந்தப் பனிக்காலத்தில் ஒன்றும் தொடங்காதீர்கள். பங்குனி, சித்திரையில் பனி உருகும்போது பின்வளவில் நீர் எங்கே தேங்குகிறது என்று இரண்டு, மூன்று நாள் படம் எடுத்து வையுங்கள். கதவுப்படியின் உயரத்தையும் அந்தப் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். நான் மாசிக் கடைசியில் திரும்பிவிடுவேன், விலை கேட்கப் போகும்போது கூடவே வருகிறேன்.