பழைய சிஎஸ் சர்வர்ல திட்டு வாங்குறேன், விட்டுடலாமா?

கேள்வி: காலேஜ் டைம்ல ப்ரவுசிங் சென்டர்ல கேங்கா உக்காந்து கவுன்டர் ஸ்ட்ரைக் (சிஎஸ்) 1.6ன்னு துப்பாக்கிச் சண்ட கேம் ஆடுவோம். இப்போ வயசு 36. போன மாசம் திரும்ப இன்ஸ்டால் பண்ணி ஆன்லைன் சர்வர்ல போனா, மைக்ல அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டுறாங்க, ரெண்டு பேர அடிச்சா உடனே வால்ஹேக்னு, அதாவது செவுத்துக்குப் பின்னாடி இருக்குறவனப் பாக்குற ஏமாத்து வேலன்னு, சொல்லி வெளிய கிக் பண்றாங்க. பழைய மாதிரி ஆளுங்க இல்லவே இல்லையா? விட்டுடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: விடாதீங்க சார், சர்வர மாத்துங்க. 1.6ல ஒவ்வொரு சர்வரும் ஒரு தனி ஊர் மாதிரி. 1999ல மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் ஹாஃப் லைஃப் கேமுக்கு ஒரு மோடா (இருக்குற கேம மாத்திச் செய்யுற வெர்ஷனா) இத ஆரம்பிச்சதுலருந்தே யார் வேணாலும் சொந்தமா சர்வர் நடத்தலாம், அதனாலதான் இத்தன வருஷம் கழிச்சும் ஆள் இருக்கு. 2012ல வந்து 2023ல சிஎஸ் 2வா மாறுன சிஎஸ் கோங்குற அடுத்த வெர்ஷன்ல மேட்ச்மேக்கிங் போட்டா பத்து பேர அதுவே சேத்து விட்டுட்டு இருந்துச்சு, முடிஞ்சதும் அவங்கவங்க வழி, அடுத்த மேட்ச்ல வேற மூஞ்சி. இங்க அப்படி இல்ல, அட்மின்னு ஒரு ஆள் இருப்பாரு, தெனம் ராத்திரி அதே டைமுக்கு அதே ஆளுங்க வருவாங்க, கெட்ட வார்த்த பேசுனா தூக்கி வெளிய போடுவாங்க. அந்த மாதிரி ஒண்ணப் புடிச்சு ரெண்டு வாரம் ஒரே டைமுக்குப் போங்க, அப்புறம் உங்க பேரப் பாத்ததும் அவங்களே ஹாய் சொல்லுவாங்க.

இந்த கேம்ல செத்தா ரவுண்டு முடியுற வரைக்கும் சும்மா உக்காந்து மத்தவன் ஆடுறதப் பாக்கணும். சின்ன விஷயம்தான், ஆனா இந்தக் கேமோட நட்பெல்லாம் அங்கதான் வளந்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன். செத்தவன் பேசுறது உயிரோட இருக்குறவனுக்குக் கேக்காது, அதனால செத்தவங்க எல்லாம் தனியா ஒரு அரட்ட, கடைசியா ஒருத்தன் மட்டும் டஸ்ட்2ங்குற மேப்ல பாம் டிஃப்யூஸ் பண்ண ஓடும்போது எல்லாரும் மூச்சப் புடிச்சுட்டு அவன் ஸ்க்ரீனையே பாப்பாங்க. ப்ரவுசிங் சென்டர்ல இதையே பக்கத்து சீட்டுக்குத் திரும்பிப் பாத்துட்டு "டேய் லாங்ல ஒருத்தன்டா"ன்னு (லாங்னா அந்த மேப்ல ஒரு நீளப் பாத) கத்தி அடி வாங்கிருப்பீங்களே, அதேதான்.

இன்னொண்ணு, நீங்களும் கொஞ்சம் குடுக்கணும். நடுவுல புதுசா உள்ள வர்றவன் கையில கேம் காசு வெறும் 800 டாலர், பிஸ்டல்தான். ரொம்ப நேரமா ஆடுறவன்கிட்ட 16000 சும்மா கிடக்கும். ஏகே துப்பாக்கி வெல 2500. ஒண்ணு வாங்கி கீபோர்டுல ஜி அழுத்தி அந்தப் பையன் காலடியில போட்டுட்டு, உங்களுக்கு இன்னொண்ணு வாங்கிக்கோங்க. ஒரு வார்த்த பேச வேணாம், அடுத்த ரவுண்டு அவன் உங்க பின்னாடிதான் வருவான்.

வால்ஹேக்னு சொல்றவன்கிட்ட சண்ட போடாதீங்க. கன்சோல்ல (கேமுக்குள்ள கமாண்ட் அடிக்கிற பெட்டியில) ரெக்கார்டுன்னு அடிச்சு ஒரு பேரு குடுத்தா நீங்க ஆடுறது டெமோங்குற ரெக்கார்டிங்கா சேவ் ஆகும், அட்மின் கேட்டா அத அனுப்புங்க, நல்ல அட்மினுக்கு அது போதும். திட்டுறவனுக்கு எஸ்கேப் மெனுவுலயே மியூட் இருக்கு.

முக்கியமா, கண்ட கண்ட சைட்லருந்து டவுன்லோட் பண்ணாதீங்க, ஸ்டீம்ங்குற ஆன்லைன் கேம் கடையில காசு குடுத்து வாங்குங்க. 2019ல பெலோனார்டுன்னு ஒரு ட்ரோஜன டாக்டர் வெப்னு ஆன்டிவைரஸ் கம்பெனி கண்டுபுடிச்சது, 1.6 ஆடுறவங்க கம்ப்யூட்டர்ல புகுந்து அங்கருந்தே ஆயிரக்கணக்குல போலி சர்வர் காட்டிட்டு இருந்துச்சு. சர்வர் லிஸ்ட்ல மேல இருக்குன்னு எதையும் கிளிக் பண்ணிடாதீங்க.

அந்தப் பழைய கேங்க்ல நாலு பேர் நம்பராவது உங்ககிட்ட இருக்கும்ல? கூப்புடுங்க. 1.6 சர்வருக்குப் பெரிய மெஷின் எல்லாம் தேவையில்ல, மாச வாடகைக்கே கிடைக்கும், பாஸ்வேர்டு போட்டுட்டா வெளியாள் வர முடியாது. டஸ்ட்2லயே கிடக்காம இன்ஃபெர்னோவும் ஆடுங்க.