"எல்லாத்துக்கும் பொருந்தும்" என்றால் நம்பாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

ஐயா, என்னிடம் 1968 ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது. 302 வி8 என்ஜின், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதை எடுத்துவிட்டு நாலு கியர் மேனுவல் போட்டோம். ஒரு ஆன்லைன் கடையில் "எல்லா ஃபோர்டு 302க்கும் பொருந்தும்" என்று போட்டிருந்த ஃபிளைவீலை (என்ஜினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) வாங்கினேன். ஆறு போல்ட்டும் சரியாக உட்கார்ந்தன. ஆனால் 2,000 ஆர்பிஎம் தாண்டினால் ஸ்டீயரிங், சீட், கண்ணாடி எல்லாம் அதிர்கிறது. மெக்கானிக் என்ஜின் மவுண்ட்டை மாற்றச் சொல்கிறார். – சாட்ஸ்வொர்த் வாசகர்

மவுண்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். வண்டியை நிறுத்தி வையுங்கள். அந்த அதிர்வு முதலில் தின்பது கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மெயின் பேரிங்கைத்தான்.

இந்த 302 என்ஜின் தன் எடைச் சமநிலையை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வது. முன்னால் டாம்பரிலும் (கிராங்க் முனையில் அதிர்வைத் தணிக்கும் வட்டு) பின்னால் ஃபிளைவீலிலும் (ஆட்டோமேட்டிக் என்றால் அதே இடத்தில் இருக்கும் ஃபிளெக்ஸ்பிளேட் என்ற தகட்டில்) வேண்டுமென்றே ஒரு பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். உங்கள் 1968 என்ஜினுக்கு அந்த அளவு 28 அவுன்ஸ்-அங்குலம். 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு அதை 50 ஆக்கியது. இரண்டிலும் போல்ட் துளைகள் ஒன்றுதான், இரண்டும் கிராங்கில் அழகாக உட்காரும். ஆகவே போல்ட் உட்கார்ந்ததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், உங்களுக்கு வந்தது 50 என்றுதான் நினைக்கிறேன்.

கழற்றிய ஃபிளெக்ஸ்பிளேட்டை எறிந்துவிடவில்லையே? அதையும் புது ஃபிளைவீலையும் சேர்த்து என்ஜின் பேலன்ஸ் செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மெஷினில் இரண்டையும் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். முன் டாம்பரை எப்போதாவது மாற்றியிருந்தால் அதுவும் 28 தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: எடையைக் குறைக்கிறேன் என்று ஃபிளைவீலில் துளை போட விடாதீர்கள். போட்டபின் கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார்.

அளவை எழுத்தில் வாங்கிக்கொண்டு கடைக்கு எழுதுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள், சரியில்லாததைத் திருப்பிக் கொடுக்கலாம், ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். வாங்கும்போது "1968, 302, சி4 எடுத்துவிட்டு மேனுவல்" என்று எழுதிக் கேட்டிருந்தீர்களா? அப்படியானால் 55ஆம் பிரிவும் உங்கள் பக்கம். என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்கிறது அது. கடை மசியாவிட்டால் மோட்டார் தொழில் ஓம்புட்ஸ்மனிடம் (புகாரை விசாரிப்பவர்) போங்கள்.

இந்த "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்ற வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பல வருடமாக ஓடிய என்ஜின் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபிளைவீல் என்று ஒருவர் எழுதினால், ஒன்று அவருக்குப் பொருள் தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். எடையோடு கணக்கு முடிவதில்லை. ரிங் கியரில் (ஃபிளைவீலைச் சுற்றி, ஸ்டார்ட்டர் கடிக்கும் பல் வளையம்) 157 பல்லா, 164 பல்லா? அது பெல்ஹவுசிங்குக்கும் (ஃபிளைவீலையும் கிளட்சையும் மூடும் கூடு) ஸ்டார்ட்டருக்கும் ஒத்துவர வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்கும் மேனுவலுக்கும் ஸ்டார்ட்டரே வேறாக இருக்கலாம். ஃபிளைவீல் தடிமன் என்பதால் ஃபிளெக்ஸ்பிளேட்டின் குட்டை போல்ட் ஆகாது. கிராங்க் முனையில் பைலட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் சிறு வளையம்) போட வேண்டும், ஆட்டோமேட்டிக்கில் அது இருக்காது. இத்தனையையும் விளம்பரத்தில் நாலு வரியில் எழுதிவிடலாம். எழுதுவதில்லை. பணம் போவது உங்களைப் போன்றவருக்கு.

ஃபிளெக்ஸ்பிளேட்டையே வைத்து அதன்மேல் கிளட்ச் மாட்ட முடியுமா? செலவு மிச்சமாகுமே. – டோங்காட்

முடியாது. அது மெல்லிய தகடு, கிளட்ச் உரசிப் பிடிக்க அதில் முகமே இல்லை.

விற்பவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கியர்பாக்ஸ், ஃபிளைவீல், பெடல் பெட்டி எல்லாம் சேர்த்து 9,000 ரேண்ட். முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். இப்போது போன் எடுப்பதில்லை. – லெனேசியா

இன்றே வங்கிக்கும் போலீசுக்கும் போங்கள். முகம் தெரியாத ஆளுக்கு, பொருளைத் தொட்டுப் பார்க்காமல் முழுப் பணம் அனுப்பாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதிவிட்டேன்!

ஸ்கிராப் யார்டில் பழைய ஃபிளைவீல் மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

முழு வட்டத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் பழைய கார்ட்டினா காருக்கு ஒன்று வாங்கியபோது, அது பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. மேலே தெரிந்த பல்லெல்லாம் நன்றாக இருக்க, துணியால் துடைத்து வாங்கி வந்துவிட்டேன். மாட்டியபின் மூன்று தடவைக்கு ஒரு தடவை ஸ்டார்ட்டர் கிர்ரென்று வழுக்கியது. நாலு சிலிண்டர் என்ஜின் அணைக்கும்போது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் வந்து நிற்கும். ஸ்டார்ட்டர் கடிப்பதும் அந்த இடத்துப் பற்களையே. மண்ணுக்குள் இருந்த பாதியில் பல் முனைகள் உளியால் சீவியது போல் இருந்தன. கியர்பாக்ஸை மறுபடி இறக்கி, ரிங் கியர் மாற்றி, இரண்டு கூலி கொடுத்தேன்.

கிளட்ச் உரசும் முகத்தில் நீலப் புள்ளிகள் இருந்தால் சூடேறியது. ஸ்கிம் செய்தால் (மெல்லியதாகச் சீவினால்) சில சமயம் போகும். மயிரிழை விரிசல் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கிளட்ச் மாற்றினோம். பழைய பிளேட்டைக் கேட்டால் "குப்பையில் போட்டாச்சு" என்கிறார்கள். – ஃபீனிக்ஸ்

போடக் கூடாது. அதே நுகர்வோர் சட்டம், 67ஆம் பிரிவு: கழற்றிய பாகங்களைத் தனியே வைத்து உங்களிடம் தர வேண்டும், நீங்களே வேண்டாம் என்றால் ஒழிய. அடுத்த முறை வேலை கொடுக்கும்போதே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் சட்டப்படி உண்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. ஆசைப்பட்டு ஒரு மேனுவல் வேலியண்ட் கார் வாங்கினார், தனியாரிடம், "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டு. ஒரே வாரத்தில் இரண்டாவது கியர் போய்விட்டது. விற்றவரின் பழைய மெக்கானிக்கே சொல்கிறார்: "பல் உடைந்திருக்கிறது என்று இரண்டு மாதம் முன்பே அவரிடம் சொன்னேன், கெட்டி எண்ணெய் ஊற்றச் சொன்னார்." ரிப்பேர் 14,000 ரேண்ட். அப்பா வெளியே வருவதே இல்லை. – மெர்பேங்க்

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: ஏமாந்தது அவர் தப்பில்லை. உடைந்த பல்லின் சத்தத்தை மறைத்து வைத்தால் யாருக்கும் காதில் விழாது.

தனியார் விற்பனைக்கு நுகர்வோர் சட்டம் வராது, உண்மை. உள்ளது உள்ளபடி வாங்கினேன் என்பதுதான் ஃபுட்ஸ்டூட்ஸ். ஆனால் குறை தெரிந்தும் வேண்டுமென்றே மறைத்தவரை அந்தச் சொல் காப்பாற்றாது. உங்கள் பலம் அந்த மெக்கானிக்தான். அவர் சொன்னதை இந்த வாரமே எழுதி வாங்குங்கள், மனசு மாறும் முன். விற்றவருக்கு 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுங்கள். அப்புறம் சிறு கோரிக்கை நீதிமன்றம்: 2019இல் அதன் வரம்பை 20,000 ரேண்டாக உயர்த்தினார்கள், உங்கள் தொகை அதற்குள் வருகிறது. அங்கே வக்கீல் கிடையாது, எதிராளிக்கும் கிடையாது. எண்ணெயை வடிக்கும்போது கொஞ்சம் ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள், உடைந்த பல்லையும் கூடவே கொண்டுபோங்கள்.