கறுத்துப்போன வரைபடத்தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல வருடம் கழித்து மறுபடி கணிதம் படிக்க உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஓர் அசமன்பாடு (சமக்குறிக்குப் பதில் ≤, ≥ மாதிரிக் குறி வருவது) என்றால் வரைந்துவிடுகிறேன். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் நிழல்மேல் நிழல் விழுந்து தாளே கறுத்துவிடுகிறது. ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)-ஐ, போட்டுச் சோதித்தால் போதும், உண்மை வந்தால் அது இருக்கும் பக்கம், பொய் வந்தால் மறுபக்கம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள், அதுவும் காலை வாரிவிட்டது. கணக்கு இது: எக்ஸ் + ஒய் ≤ 6, ஒய் > 2எக்ஸ், எக்ஸ் ≥ 0.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'போதும்' என்று எழுதியது என் தப்பு. கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போனால் அந்தச் சோதனை செல்லாது. ஒய் > 2எக்ஸ் என்பதில் (0, 0) போட்டால் 0 > 0, பொய். உடனே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கத்தை அடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் அது எந்தப் பக்கத்திலும் இல்லை, கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. (1, 0) போட்டுப் பாருங்கள்: 0 > 2, பொய். அப்போ அந்தப் புள்ளி இருக்கும் பக்கம் வேண்டாம்.

அப்புறம் நிழல். பாடப்புத்தகங்கள் பலவும் வேண்டிய பக்கத்தைத் தீட்டச் சொல்கின்றன, எனக்கு அதில் உடன்பாடில்லை. வேண்டாத பக்கத்தைப் பென்சிலால் லேசாகக் கோடிழுத்துத் தள்ளுங்கள். எத்தனை அசமன்பாடு வந்தாலும் கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவதுதான் விடை. உங்கள் கணக்கில் (0, 0), (0, 6), (2, 4) ஆகிய மூலைகளுக்கு நடுவே ஒல்லியாக ஒரு முக்கோணம் மிஞ்சும். (எந்த முறையில் தீட்டினீர்கள் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள், திருத்துபவர் குழம்பக் கூடாது.)

ஒய் = 2எக்ஸ் கோட்டை இடைவெளி விட்டு விட்டு, துண்டு துண்டாகத்தான் போட வேண்டும், ஏனென்றால் குறியில் 'சமம்' இல்லை. இதைப் பலர் அலங்காரம் மாதிரி நினைக்கிறார்கள். முக்கோணத்துக்குள் முழு எண் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்: எக்ஸ் 0 என்றால் ஒய் 1 முதல் 6 வரை, எக்ஸ் 1 என்றால் 3, 4, 5, எக்ஸ் 2 என்றால் ஒன்றுமில்லை, ஆக 9. அதே கோட்டை முழுக்கோடாக இழுத்துவிட்டால் (0, 0), (1, 2), (2, 4) மூன்றும் உள்ளே நுழைந்து 12 ஆகிவிடும். மூலைகளிலும் இதே கதைதான், (0, 6) விடையில் சேரும், மற்ற இரண்டும் சேராது, அவற்றுக்கு உள்ளே நிரப்பாத சின்ன வட்டம் போட்டுவிடுங்கள்.

எதிர்மறை எண்ணால் வகுக்கும்போது குறி திரும்பும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் மாற்றி எழுதிய வடிவத்தை விட்டுவிட்டு, கேள்வியில் கொடுத்த வடிவத்திலேயே புள்ளியைப் போட்டுச் சோதியுங்கள், நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.