பிடியாணை போட்டாச்சு, பிடிப்பது யார்?

கேள்வி (மதுரை): சார், இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா வழக்குப் போட்டதும், நெதன்யாகுவுக்குப் பிடியாணை வந்ததும் ஒரே கோர்ட்டிலா?

பதில்: இல்லை. ஊர் ஒன்று, நெதர்லாந்தின் தி ஹேக். கோர்ட் வேறு வேறு. தென்னாப்பிரிக்கா போனது ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்துக்கு. அங்கே நாடுகளுக்கு இடையேதான் வழக்கு. 2024 நவம்பரில் பிடியாணை தந்தது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். 1998இல் ரோமில் நிறைவேறிய ஒப்பந்தப்படி 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இது தனிமனிதர்களை விசாரிக்கும்.

கேள்வி (கோவை): புதினுக்கு 2023இலேயே பிடியாணை. 2024இல் ஜாலியாக மங்கோலியா போய் வந்தாரே. பிறகு எதற்கு இந்த கோர்ட்?

பதில்: கோபம் நியாயம்தான். மங்கோலியா அந்த ரோம் ஒப்பந்தத்தில் சேர்ந்த உறுப்பு நாடு, கைது செய்யும் கடமை இருந்தது, செய்யவில்லை. பிடியாணைக்கு ஆளான அன்றைய சூடான் அதிபர் அல்-பஷீரும் 2015இல் தென்னாப்பிரிக்கா போனார். நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று அங்குள்ள நீதிமன்றமே உத்தரவிட்டும் விமானம் ஏறிவிட்டார். ஹேக் கோர்ட்டுக்கென்று ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது.

ஆனால் பிடியாணை காலாவதியாவதில்லை. பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் டுடெர்டேயைப் பாருங்கள். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பேரில் நடந்த கொலைகள்தான் அவர் மீதான குற்றச்சாட்டு. விசாரணை நெருங்கியதும் நாட்டையே ஒப்பந்தத்திலிருந்து வெளியே எடுத்தார். 2019 மார்ச்சில் விலகல் அமலானது. உறுப்பினராக இருந்த காலத்துக் கொலைகளுக்கு அது கேடயம் ஆகவில்லை. 2025 மார்ச்சில் மணிலா விமான நிலையத்தில் அவர் நாட்டுப் போலீஸே பிடித்து, அன்றிரவே ஹேக்குக்கு விமானம் ஏற்றியது. சட்டம் மட்டும் சாதித்ததில்லை இது: அவர் குடும்பத்துக்கும் ஆட்சியிலிருந்த மார்கோஸ் குடும்பத்துக்கும் கூட்டணி முறிந்திருந்தது. யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்துக்கு 2001இல் அந்நாட்டின் முன்னாள் அதிபர் மிலோசெவிச் ஒப்படைக்கப்பட்டதும், அவர் பதவி இழந்த பிறகு, மேற்கின் நிதியுதவியை எதிர்பார்த்திருந்த ஓர் அரசால்தான். உள்ளூர் அரசியல் திரும்பும் வரை ஆணை காத்திருக்கும். என் கணிப்பில் இனியும் இப்படித்தான்.

கேள்வி (சென்னை, சட்டக் கல்லூரி மாணவி): மரண தண்டனை உண்டா?

பதில்: கிடையாது. உச்சம் 30 ஆண்டு, மிகக் கொடிய குற்றத்துக்கு ஆயுள்.

கேள்வி (திருச்சி): போர்க்குற்றங்களுக்காக இந்த கோர்ட் தண்டித்தவர்கள் எல்லாரும் ஆப்பிரிக்கர்கள்தானே?

பதில்: ஆமாம், அது கறைதான். ஆனால் உகாண்டா, காங்கோ, மாலி வழக்குகளை அந்தந்த அரசுகளே அனுப்பின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, எங்கட விசயத்தில இந்த நீதிமன்றம் ஏதும் செய்யுமோ?

பதில்: நேரடி வழி அடைபட்டிருக்கிறது. இலங்கை உறுப்பு நாடில்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பினால் உண்டு, ஆனால் அங்கே வல்லரசு ஒன்றே தடுத்துவிடக்கூடிய வீட்டோ இருக்கிறது. ரோஹிங்கியா வழக்கில் 2018இல் ஒரு பக்கக் கதவு திறந்தது: மியான்மர் உறுப்பினரில்லை, ஆனால் மக்கள் துரத்தப்பட்டு வந்து சேர்ந்த பங்களாதேஷ் உறுப்பினர். அதனால் துரத்திய குற்றத்தின் ஒரு பகுதி உறுப்பு நாட்டு மண்ணில் நடந்ததாக நீதிபதிகள் ஏற்றார்கள். அதே வாதப்படி பிரிட்டன், கனடாவுக்குப் போன அகதிகளைக் காட்டலாம். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களைக் காட்ட முடியாது, இந்தியாவும் உறுப்பினரில்லை. பிரிட்டன், கனடா போனவர்களுடையதும் ரோஹிங்கியாக்களுடையதைப் போல எல்லை தாண்டியவுடன் முடிந்த பயணமல்ல என்பதால் நீதிபதிகள் ஏற்பது கடினம் என்றே நினைக்கிறேன்.

எனக்கு நம்பிக்கை பிற நாடுகளின் உள்ளூர் நீதிமன்றங்கள் மீது. அகதியாக ஜெர்மனி வந்த சிரிய உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நகரிலுள்ள நீதிமன்றம் ஆயுள் தண்டனை தந்தது. சிரியாவில் அவர் பொறுப்பிலிருந்த சிறையில் வதைபட்டவர்களே சாட்சி சொன்னார்கள். இலங்கை குறித்த சாட்சியங்களை ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2021ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி திரட்டிவருகிறது. உங்களிடம் படமோ கடிதமோ இருந்தால் நகல் மட்டும் கொடுங்கள். அசலைக் கைவிட வேண்டாம்.