கழற்றும் முன் அளந்து பாருங்கள்: கனரக இயந்திரங்களின் கியர், ஆக்சில், ஃபைனல் டிரைவ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "மாற்றினோம், மறுபடியும் போய்விட்டது" என்ற ரகம். அதனால் எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதோடு, அது ஏன் போனது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

வாய்க்கால் தூர்வாரும் வேலையில் ஓடும் 20 டன் பொக்லைன். இடது ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) ஓரம் ஆயில் ஒழுகியது. மூன்று மாதத்தில் இரண்டு முறை ஃப்ளோட்டிங் சீல் (ஆயில் வெளியே வராமல், மண் உள்ளே போகாமல் தடுக்கும் ஜோடி வளையம்) மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. சீல் மட்டமானதா? (திருவாரூர்)

சீலைக் குறை சொல்லும் முன் ஒழுகுவது எந்த ஆயில் என்று பாருங்கள். வண்டி சூடாறிய பிறகு, ஃபைனல் டிரைவின் (ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் கடைசிக் கியர் பெட்டி) லெவல் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். உள்ளே அழுத்தம் இருக்கலாம், முகத்தை நேரே நீட்ட வேண்டாம். லெவலுக்கு மேல் ஆயில் பீறிட்டு வந்து, அது கியர் ஆயிலின் கெட்டித்தன்மை இல்லாமல் நீர்த்திருந்தால், டிராவல் மோட்டாரின் (வண்டியை நகர்த்தும் ஹைட்ராலிக் மோட்டார்) ஷாஃப்ட் சீல் வழியாக ஹைட்ராலிக் ஆயில் உள்ளே இறங்குகிறது. ஹப் நிரம்பி அழுத்தம் ஏறினால் எந்த ஃப்ளோட்டிங் சீலும் தாங்காது. அப்போது மாற்ற வேண்டியது மோட்டார் ஷாஃப்ட் சீல். அதோடு, மோட்டாருக்குள் கசியும் ஆயிலை டேங்குக்குத் திருப்பும் கேஸ் டிரெய்ன் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, பாதையில் அடைப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். டிரெய்ன் அடைத்திருந்தால் புது ஷாஃப்ட் சீலும் ஒரு வாரத்தில் பிதுங்கிவிடும்.

ஆயில் சரியாக இருந்தால் ஹப் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். செயினைக் கழற்றிவிட்டு, டயல் கேஜ் வைத்து, ஸ்ப்ராக்கெட்டைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஹப் ஆடினால், அந்த ஆட்டத்தில் சீல் முகம் திறந்து மூடும். மண் நுழைய அது போதும்.

மூன்றாவது காரணம் மாட்டும் முறை. எங்கள் அனுபவத்தில் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். ஃப்ளோட்டிங் சீல் என்பது கண்ணாடிபோல் தேய்த்த இரண்டு இரும்பு வளையமும் இரண்டு ரப்பர் வளையமும். ரப்பர், தான் உட்காரும் சரிவை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். "வழுக்கிக்கொண்டு உள்ளே போகட்டும்" என்று ரப்பருக்கு ஆயிலோ கிரீஸோ தடவினால், ஓடும்போது அது சரிவில் நழுவும். வளையம் சாய்ந்து முகம் விலகும். எனவே ரப்பரும் அது உட்காரும் இடமும் ஈரமின்றி, பெயிண்ட் இன்றி, துரு இன்றி இருக்கட்டும். ரப்பரில் தெரியும் அச்சுக்கோடு முறுக்கிக்கொள்ளாமல் சுற்றிலும் நேராக ஓட வேண்டும். கையால் அழுத்தாமல் அதற்கான வளைய டூலால் ஒரே சீராக அமுக்குங்கள். பிறகு நான்கு இடத்தில் உயரம் அளந்தால் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வர வேண்டும். கடைசியில் இரும்பு முகத்தை மட்டும் பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து, ரப்பரில் படாமல் ஒரு மெல்லிய ஆயில் பூச்சு. பழைய வளையத்தோடு புதியதைச் சேர்த்து மாட்டுவது காசைச் சேற்றில் போடுவதற்குச் சமம்.

டெல்டாவில் ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் இரவு பகலாக வண்டி ஓடுவது தெரிந்ததுதான். அந்த அவசரத்திலும் தினமும் வேலை முடிந்ததும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அடைத்த களிமண்ணைக் குத்தி எடுத்துவிடுங்கள். இரவில் இறுகும் களிமண் மறுநாள் காலையில் ரப்பரையே தள்ளும்.

கிரானைட் குவாரியில் ஓடும் பொக்லைன் நேராகப் போகாமல் வலப்பக்கம் இழுக்கிறது. வலது டிராவல் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். (கிருஷ்ணகிரி)

அதற்கு முன் அரை மணி நேரச் சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கச் செயின் இறுக்கமும் சமமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி அழுத்தத்தை வடித்துவிட்டு, சென்டர் ஜாயின்ட்டுக்கு (சுழலும் மேல்பாகத்திலிருந்து ஆயிலைக் கீழே கடத்தும் இணைப்பு) கீழே இடது, வலது மோட்டாருக்குப் போகும் ஹோஸ்களை மாற்றி மாட்டுங்கள். ஓட்டும்போது லீவர் மாறி வேலை செய்யும், ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். இப்போது இடது செயின் மந்தமானால் கோளாறு மேலே இருக்கிறது: பம்ப், வால்வு, அல்லது சென்டர் ஜாயின்ட் சீல். வலது செயின் அப்படியே மந்தமாக இருந்தால்தான் மோட்டாரையோ ஃபைனல் டிரைவையோ தொட வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பார்க்கிங் பிரேக் முழுதாக விடுபடுகிறதா என்பதை. பிரேக் பிடித்தபடியே ஓடினால் அந்தப் பக்க ஹப் கைவைக்க முடியாதபடி சுடும்.

பேக்ஹோ லோடர் சூடானதும் மேட்டில் ஏறத் திணறுகிறது. டார்க் கன்வெர்ட்டரா (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), கிளட்ச் பிளேட்டா, இன்ஜினா? (கரூர்)

வண்டியை பிரேக்கில் நிறுத்தி, கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து இன்ஜின் ஆர்பிஎம்மைப் பார்க்கும் ஸ்டால் டெஸ்ட் செய்தால் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். முதலில் கியர் போடாமல் முழு ஆக்சிலேட்டரில் இன்ஜின் மேனுவலில் சொன்ன ஆர்பிஎம்மைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஆக்சிலேட்டர் கேபிள் பக்கம் போங்கள். தொட்டால், டிரான்ஸ்மிஷன் ஆயில் வேலைச் சூட்டுக்கு வந்த பிறகு, எதிரே ஆள் இல்லாத சமதரையில், பிரேக்கை முழுக்க அழுத்தி, மேனுவல் சொல்லும் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். பத்து நொடிக்குள் ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு நியூட்ரலுக்கு வாருங்கள். அந்தப் பத்து நொடியில் இன்ஜினின் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. இரண்டு நிமிடம் நியூட்ரலில் நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு ஆற்றிய பிறகே அடுத்த முறை.

ஆர்பிஎம் மேனுவல் சொல்லும் ஸ்டால் அளவுக்கு மேல் போனால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்சம் குறைந்தால் இன்ஜின் பலவீனம். மூன்றில் ஒரு பங்கு போலச் சரிந்தால் கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டரின் (ஆயில் ஓட்டத்தைத் திருப்பிவிடும் நடுச் சக்கரம்) ஒருவழி கிளட்ச் பிடிக்கவில்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டேட்டர் வழுக்காமல், நேர்மாறாக இறுகிவிட்டால் ஸ்டால் டெஸ்ட் சரியாகவே காட்டும். மேட்டிலும் நன்றாக இழுக்கும். ஆனால் ரோட்டில் வேகமெடுக்காது, ஆயில் கொதிக்கும்.

கிளட்ச் வழுக்குவது உறுதியானால் முன்னும் பின்னும் தனித்தனியே சோதியுங்கள். முன்னால் போகும்போது மட்டும் வழுக்கினால் அந்த கிளட்ச் பேக்கும் அதன் ஷாஃப்ட் சீலிங் ரிங்கும். இரண்டிலும் வழுக்கினால் பிளேட்டைத் தேடிக் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டாம். ஸ்ட்ரெய்னர், சார்ஜ் பம்ப், பிரஷர் வால்வு என்று கேஜ் வைத்துப் பாருங்கள்.

டிரான்ஸ்மிஷன் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. இரண்டு முறை ஆயில் மாற்றியாச்சு, நிறமும் தெளிந்துவிட்டது. போதும்தானே? (பெரம்பலூர்)

நிறம் தெளிந்ததோடு விஷயம் முடியவில்லை. தண்ணீர் எந்த வழியாக வந்தது? உங்கள் வண்டியில் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள் இருந்தால் அங்கே ஓட்டை இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகும். நிறுத்தியதும் ரேடியேட்டர் அழுத்தம் மிச்சமிருப்பதால் கூலன்ட் ஆயிலுக்குள் வரும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஆயில் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். கூலர் தனியாகக் காற்றில் ஆறும் வகையாக இருந்தால், வாட்டர் சர்வீஸில் பிரீதர் (காற்று போய்வரும் துளை) அல்லது டிப்ஸ்டிக் வழியாக இறங்கிய தண்ணீர்தான்.

பெரும்பாலான பவர்ஷிஃப்ட் (ஆயில் அழுத்தத்தால் கியர் மாறும் வகை) கிளட்ச் பிளேட்டுகளில் இருப்பது காகித வகை லைனிங், பசையால் ஒட்டியது. தண்ணீரும் கூலன்ட்டில் உள்ள கிளைக்காலும் அந்தப் பசையைத் தளர்த்தும். அப்படி ஊறிய பிளேட் சில வாரம் ஓடிவிட்டு ஏடு ஏடாக உரியும். ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். பழுப்பு நிறத் துகள் தெரிந்தால் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எஞ்சிய ஈரத்தை அறிய, சூடான இரும்புத் தட்டில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். கடுகு தாளித்த மாதிரி படபடத்தால் தண்ணீர் இன்னும் உண்டு.

பிரித்து மாட்டும்போது புதுப் பிளேட்டை அதே ஆயிலில் சில மணி நேரமாவது ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். உலர்ந்த பிளேட் முதல் கியரிலேயே கருகும். நீலம் பாரித்த, கிண்ணம்போல் வளைந்த ஸ்டீல் பிளேட்டைத் திரும்பப் போடாதீர்கள். பேக்கை அடுக்கி முடித்ததும் ஷாஃப்ட் துளை வழியாக 5–6 பார் காற்று கொடுங்கள். பிஸ்டன் "டக்" என்று பிடித்து, காற்றை நிறுத்தியதும் விட வேண்டும். வெறும் சீறல் மட்டும் கேட்டால் சீல் மடங்கியிருக்கிறது. கூலரையும் அதன் ஹோஸ்களையும் கழுவாமல் விட்டால், பழைய துகள் முதல் நாளே புதுப் பிளேட்டுக்கு வந்து சேரும்.

பின் ஆக்சிலில் பினியன் (கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) பல் மட்டும் உடைந்தது. கிரவுன் வீல் நன்றாக இருக்கிறது. பினியனை மட்டும் மாற்றலாமா? (ஓசூர்)

கூடாது. இரண்டும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே செட் எண் பொறித்திருக்கும். கடையில் வாங்கும்போதே அந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் பினியன் பேரிங் ப்ரீலோட், அதாவது பேரிங்கை ஆட்டமில்லாமல் இறுக்கும் அளவு. ஆயில் சீல் போடும் முன், ஃப்ளேஞ்சில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். கிளம்பும்போது காட்டும் எண் வேண்டாம், சீராகச் சுற்றும்போது வரும் எண்தான் கணக்கு. ஃப்ளேஞ்ச் ஆரம் 5 செ.மீ., இழுப்பு 4 கிலோ என்றால் சுமார் 2 நியூட்டன் மீட்டர். நசுங்கும் ஸ்பேசர் உள்ள ஆக்சிலில் நட்டை அதிகம் இறுக்கிவிட்டால், தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கியது மீளாது, புது ஸ்பேசர்தான். பிறகு கிரவுன் பிளே (இரண்டு கியரின் பற்களுக்கும் இடையே உள்ள ஆட்டம்): டயல் கேஜை வீலின் வெளி ஓரத்தில் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து நான்கு இடத்தில் அளக்க வேண்டும். இந்த அளவு ஆக்சில்களில் பொதுவாக 0.2–0.3 மி.மீ. வரும். உங்கள் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே சரி.

கடைசியாகப் பற்களில் புளூ (பல் படும் தடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவி, கிரவுன் வீலைக் கையால் தடுத்துப் பிடித்தபடி சுற்றுங்கள். தடம் பல்லின் நுனியில் விழுந்தால் பினியன் தள்ளி இருக்கிறது, ஷிம் (அளவு சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி உள்ளே கொண்டுவாருங்கள். பல்லின் அடியில் விழுந்தால் வெளியே எடுங்கள். உட்கோடியில் விழுந்தால் கிரவுனை விலக்குங்கள், வெளிக்கோடியில் விழுந்தால் நெருக்குங்கள். பினியனை அசைத்தால் பிளேயும் மாறும். அதனால் இரண்டையும் மாறி மாறி மூன்று நான்கு தடவையாவது பார்க்க நேரும். ஒரே தடவையில் "செட் ஆயிடுச்சு" என்று சொல்பவரிடம் புளூ தடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உடைந்த பினியனைத் தூக்கி எறியாதீர்கள். முறிந்த முகத்தில், அலை வடிந்த மணல்போல் வரி வரியாக இருந்தால் நெடுநாளாக வளர்ந்த களைப்பு விரிசல்: பிளே தப்பு அல்லது பேரிங் தளர்வு. முகம் முழுக்கச் சொரசொரப்பாக மின்னினால் ஒரே அடியில் போனது. சேற்றில் ஒரு சக்கரம் சுழன்று திடீரெனப் பிடிப்பது, ஓடிக்கொண்டே ரிவர்ஸ் போடுவது, நான்கு சக்கர டிரைவைப் போட்டபடியே தார் ரோட்டில் ஓட்டுவது ஆகிய மூன்றில் ஒன்றை ஆபரேட்டரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

கியர் பல்லை வெல்டிங் வைத்துக் கட்டி, கடைந்து தர லேத் பட்டறையில் தயாராக இருக்கிறார்கள். நம்பலாமா? (கோவை)

பல்லுக்கு வேண்டாம். மேல் தோல் சுமார் 1–2 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கியது, உள்ளே இளகிய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தத் தோல் விரிசல் விடும், பக்கத்துப் பல்லும் பதம் இழக்கும். உடைந்து விழும் துண்டு முழு கியர்பாக்ஸையும் அரைத்துவிடும். அதே பட்டறையிடம் தாராளமாகக் கொடுக்கக்கூடியவை உண்டு: ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தை ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்ட் செய்வது, தளர்ந்த ஹவுசிங்குக்கு ஸ்லீவ் அடித்துப் போரிங் போடுவது. ஆயில் சீல் அறுத்த பள்ளத்துக்குச் சுமார் 0.28 மி.மீ. தடிமனுள்ள ரெடிமேட் ஸ்லீவ் கடையிலேயே கிடைக்கிறது.

பேரிங்கைக் கேஸ் விளக்கில் காட்டிச் சூடேற்றி மாட்டுகிறோம். தவறா? (தூத்துக்குடி)

தவறு. தீ படும் இடம் பதம் இழக்கும். 110 டிகிரி போதும், 120-ஐத் தாண்ட வேண்டாம். 100 மி.மீ. உள்துளை உள்ள பேரிங் 80 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.1 மி.மீ. விரியும். அது தானாக வழுக்கி உட்காரும் அளவு. இண்டக்ஷன் ஹீட்டர் இல்லாவிட்டால் ஆயில் சட்டியில், அடியைத் தொடாமல் கம்பி வலைமேல் வைத்துச் சூடாக்குங்கள். உட்கார்ந்த பிறகு ஆறும்போது அகலவாக்கிலும் சுருங்கித் தோளைவிட்டு விலகும். ஆறும் வரை அழுத்திப் பிடித்து, முடிவில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள்.

ஆயில் மாற்றியதிலிருந்து லோடரில் பிரேக் பிடித்தால் ஆக்சில் அலறுகிறது. (சேலம்)

ஆக்சிலுக்குள்ளேயே பிரேக் பிளேட் ஆயிலில் மூழ்கி ஓடும் வகை என்றால், சாதா 90 கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். வடித்துவிட்டு மேனுவல் சொல்லும் வெட் பிரேக் ஆயிலை ஊற்றுங்கள். ஹப்பில் தேங்கியது ஒரே வடிப்பில் வராது. 50 மணி நேரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். அப்போது மேக்னட் பிளக்கையும் பாருங்கள். மை போன்ற சாம்பல் பசை இருந்தால் பரவாயில்லை, நகம்போல் செதில் இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.