அருங்காட்சியகப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணக்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பட்டப்படிப்புக்கு வேண்டிய தொழிற்பயிற்சியை ஜார்ஜ்டவுனில் உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்பு ஒன்றில் செய்ய ஆசைப்படுகிறேன். வரலாறு படிக்காதவளை ஏற்பார்களா? சேமிப்பறையில் தூசி தட்டும் வேலைதான் கிடைக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள். (வாசகி, பாயான் லெப்பாஸ்)

பதில்: வரலாறு படிக்கவில்லை என்பது பெரும்பாலும் தடையாக இருக்காது. அந்தப் பயிற்சியை உங்கள் துறை மதிப்பெண்ணுக்கு ஏற்றுக்கொள்ளுமா என்பதைத்தான் விண்ணப்பிப்பதற்கு முன்பே பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்து மூலம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தூசி தட்டும் வேலையும் இருக்கும். அங்கே அதற்கும் முறை உண்டு, கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஆயினும் உங்கள் நேரத்தின் பெரும்பகுதி பதிவேட்டுக்கே போகும். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் உளி ஒன்று சேகரிப்புக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொடுத்தவர் யார், எந்தத் தோட்டத்தில் யார் கையில் இருந்தது, ஏறக்குறைய எந்த ஆண்டுகளில் பயன்பட்டது, மனமுவந்து கொடுத்ததற்கான கையொப்பமிட்ட கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை முதலில் எழுதுவார்கள். அடுத்துப் பதிவெண் தருவார்கள். 2025.4.2 என்றால், 2025ஆம் ஆண்டில் நான்காவதாக வந்த கொடையின் இரண்டாவது பொருள் என்று பொருள்படும். பிறகு நீள அகலத்தை அளந்து, துரு எங்கே ஏறியிருக்கிறது, பிடியில் விரிசல் எங்கே ஓடுகிறது என்று குறித்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, எந்த அலமாரியில் எந்தத் தட்டில் வைக்கப்பட்டது என்பதையும் எழுதி முடிப்பார்கள். பிடி எந்த மரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ‘மரம்’ என்று மட்டும் எழுதுவதுதான் நேர்மை.

எண்ணைப் பொருளின்மீது நேராக எழுதுவதில்லை. கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் பேராலாய்டு பி-72 என்னும் தெளிந்த பிசினை மெல்லியதாகப் பூசி, அது காய்ந்த பின் எண்ணை எழுதி, அதன்மேல் இன்னொரு பூச்சுக் கொடுப்பார்கள். வேண்டும்போது அசிட்டோனைக் கொண்டு பொருளுக்குச் சேதமில்லாமல் நீக்கிவிடலாம். சேலை, வேட்டி போன்றவற்றுக்குப் பருத்தி நாடாவில் எண்ணை எழுதித் தளர்வாகத் தைப்பார்கள். காகிதத்துக்குப் பின்புறத்தில் மென்மையான பென்சில் போதும். பேனா கூடவே கூடாது.

இந்தப் பதிவு இல்லாமல் போனால் அந்த உளி ஒரு பழைய இரும்புத் துண்டு மட்டுமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் அவை செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியபோதும், லயங்களைக் காலி செய்த குடும்பங்கள் எடுத்துச் சென்ற, பால் பிடிக்கும் மங்கும் பால் வாளிகளைச் சுமக்கும் காண்டாவும் இன்று ஆங்காங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எத்தனைக்குத் தோட்டத்தின் பெயராவது எழுதப்பட்டிருக்கிறது என்று அடுத்த முறை உற்றுப் பாருங்கள். பெயரில்லாத ஒவ்வொரு பொருளும் எனக்கு வேதனை தருகிறது. கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போது இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருந்தால் அந்த இழப்பு நேர்ந்திருக்காது.

உங்களுக்கென்றே காத்திருக்கும் ஒரு வேலையும் உண்டு. பினாங்கு வீதியில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் எழுதப்பட்டவை போன்ற பழைய கணக்கேடுகளில் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று வரிசையாக வரும் பதிவுகளைப் படிக்க வரவு செலவு தெரிந்திருக்க வேண்டும், தமிழும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் எண்களில் தொகையும், ௵, ௴, ௳ என்ற குறிகளோடு ஆண்டும் மாதமும் நாளும் எழுதப்பட்டிருக்கும். ‘பிரபவ ௵ தை ௴ ௰௨ ௳’ (பிரபவ ஆண்டு, தை மாதம், 12ஆம் நாள்) என்று ஒரு தாளில் இருந்தால், பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியிருப்பதால், முதலில் எந்தச் சுற்று என்று தீர்மானிக்க வேண்டும். தாளோடு சேர்ந்த உறையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த அஞ்சல் தலை இருந்தால் அவர் ஆண்ட 1910 முதல் 1936 வரையான காலத்தைப் பார்த்து 1927 என்று முடிவு செய்யலாம். அதோடு வேலை முடிந்துவிடாது. தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால், தை மாதம் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். ஆகவே அந்தத் தாளின் தேதி 1928 ஜனவரி பிற்பகுதி. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்தத் தாளின் எதிரே ‘இந்திய மொழி ஆவணம், தேதி இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டியதுதான். விண்ணப்பக் கடிதத்தில் கணக்கியலையும் தமிழையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: என் மகள் இப்படியொரு பயிற்சிக்குப் போக விரும்புகிறாள். உதவித்தொகை இல்லை என்கிறார்கள். தினமும் தீவுக்குப் போய்வரும் செலவு என் தலையில்தான் விழும். சம்மதிக்கலாமா? (வாசகர், நிபோங் திபால்)

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானது. சிறிய சேகரிப்புகளிடம் பணம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பணம் தராத இடம் கல்வியையாவது தர வேண்டும். மகளுக்கு மேற்பார்வையாளர் யார், அவர் வாரத்தில் எத்தனை நாள் உடனிருப்பார், பயிற்சி முடியும்போது மகள் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை எது, அவள் எழுதிய பதிவில் அவள் பெயர் இருக்குமா என்று நான்கையும் கேட்டுக் கடிதமாக வாங்குங்கள். நுழைவுச்சீட்டு விற்கவும் நிகழ்ச்சிக்கு நாற்காலி அடுக்கவும் மட்டும் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பயணச் செலவையாவது தர முடியுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் சில நாள் மட்டும் நேரில் வந்து, மற்ற நாள்களில் எழுத்துப்படியாக்க வேலையை வீட்டிலிருந்து செய்ய அனுமதிப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் பழைய கூட்டக் குறிப்பேடுகளும் புகைப்படங்களும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. இரண்டு கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் உதவ வருகிறார்கள். எல்லாவற்றையும் லேமினேட் செய்து, ஆண்டுவாரியாக அடுக்கிவிடலாம் என்று செயலவையில் பேசியிருக்கிறோம். சரிதானா? (வாசகர், பட்டர்வர்த்)

பதில்: லேமினேட் செய்யும் தீர்மானத்தை முதலில் கைவிடுங்கள். சூட்டில் உருகி ஒட்டிய நெகிழியைப் பிறகு பிரித்தெடுக்க முயன்றால் தாளும் சேர்ந்து கிழியும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும் அப்படித்தான். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறிவிடும்.

ஆண்டுவாரியாக அடுக்குவதற்கும் அவசரப்பட வேண்டாம். பழைய செயலாளர் ஒருவர் ஒரே உறையில் ஒரு ரசீது, ஒரு கடிதம், ஒரு படம் மூன்றையும் சேர்த்து வைத்திருந்தால், அவை மூன்றும் ஒரே காரியத்தைச் சேர்ந்தவை என்பதற்கு அந்த உறையே சான்று. பிரித்து அடுக்கிவிட்டால் அந்தச் சான்று போய்விடும். மாணவர்கள் முதலில் ஒவ்வொரு பெட்டியையும் திறந்தபடியே படமெடுத்து, மேலிருந்து கீழாக என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதட்டும். வரிசையைக் கணினியில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். தாள்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். துருப்பிடித்த குண்டூசிகளையும் கிளிப்புகளையும் மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு, எவை சேர்ந்திருந்தன என்பதை அமிலமற்ற தாளில் மடித்துக் காட்டலாம்.

நம் ஊர் ஈரப்பதம் பெரிய பகை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீண்ட நாள் நிலைத்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பகலில் குளிர்சாதனத்தைப் போட்டு இரவில் நிறுத்தும் அறை, நாள் முழுவதும் சீராகக் காற்றோடும் சாதாரண அறையைவிடக் கெடுதலானது. ஏறி இறங்கும் ஈரமும் சூடும்தான் தாளை நைய வைக்கின்றன. பெட்டிகளைத் தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். பூஞ்சணம் பிடித்த பெட்டியைத் தனியே ஒதுக்கி, முகக்கவசம் இல்லாமல் யாரையும் திறக்க விடாதீர்கள்.

புகைப்படங்கள் பசைப்பக்க ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், பக்கத்தோடு படமெடுங்கள். உதிரிப் படங்களை 600 டிபிஐ அளவில் நகலெடுத்தால் போதும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. நகலைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, மூத்த உறுப்பினர்களிடம் கொண்டுபோய் யார் யார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். சொன்னவரின் பெயரும் சொன்ன தேதியும் பக்கத்தில் இருக்க வேண்டும். இருவர் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். பூஞ்சணத்தைக்கூடப் பேணுநர் ஒருவர் பிறகு சுத்தம் செய்யலாம். பெரியவர்களின் நினைவுக்கு அப்படியொரு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே விடுமுறையின் முதல் வாரத்தையே அதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: செந்தூல் ரயில்வே குடியிருப்பில் என் தாத்தா வாழ்ந்தார். அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பற்றி என் பயிற்சிக் காலத்தில் ஆய்வு செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது? (மாணவர், கோலாலம்பூர்)

பதில்: வீட்டில் தொடங்குங்கள்: சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, 1948இல் அறிமுகமான அடையாள அட்டையின் பழைய பிரதி, கப்பல் பயணச் சீட்டு. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டது; அதில் வந்ததாகத் தாத்தா சொல்லியிருந்தால், அந்த ஆண்டுக்கு முன் அவர் வந்திருக்க முடியாது என்பது உடனே தெளிவாகும். உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது என்பதையும் உடன் வைத்துப் பாருங்கள்.

அரசு ஆவணங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்டு, பட்டியலில் கோப்பு எண்ணைக் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். பழைய நாளிதழ்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பு பெரிய உதவி. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உள்ளன. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் பழைய பிரதிகளை நூலகங்களில் தேடிப் படிக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வியல் துறையின் பழைய ஆய்வேடுகளையும் விட்டுவிடாதீர்கள். பினாங்கைப் பற்றி ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தன, அதன்பின் லண்டன் காலனி அமைச்சின் பொறுப்புக்குச் சென்றன. தேடும் ஆண்டைப் பொறுத்துத் தாள்கள் இருக்கும் இடம் மாறும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிஓ 273 என்ற வரிசை நீரிணைக் குடியேற்றக் கடிதங்களுக்கு உரியது.

நேர்காணல்களை முன்கூட்டியே எழுத்துவழிச் சம்மதம் பெற்றுப் பதிவு செய்யுங்கள். அந்தப் படிவம் பேசுபவருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். செந்தூல் ரயில்வே பட்டறைமீது 1945இல் குண்டு வீசியவை நேசநாட்டு விமானங்கள். முதியவர் ஒருவர் அதை ஜப்பானியர் வீசியதாக நினைவுகூர்ந்தால், இடையில் மறுத்துப் பேசாமல் அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்துவிட்டு, உங்கள் குறிப்பில் சான்றோடு திருத்தம் எழுதுங்கள். சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களின் குடும்பங்களில் பேச்சு நின்றுபோகும் இடங்கள் வரும். அங்கே பதிவுக் கருவியை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு முழு நாள் ஓடிவிடும் என்பதால் நேர்காணல்களின் எண்ணிக்கையைக் குறைவாகத் திட்டமிடுவது நல்லது. தோட்டத்திலும் ரயில்வேயிலும் புழங்கிய சொற்களை நூல்வழக்குக்கு மாற்றாமல் எழுதுங்கள். ‘பெரட்டு’ என்று சொன்னவர் ‘வருகைப் பதிவு’ என்று சொல்லவில்லை.

கேள்வி: பயிற்சியின்போது பார்க்கும் பொருள்களைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் பகிரலாமா? (மாணவர், ஆயர் ஈத்தாம்)

பதில்: காப்பாட்சியரிடம் எழுத்து அனுமதி பெறாமல் பகிர வேண்டாம். கொடையாளரின் குடும்ப விவரமோ, பொருள் வைக்கப்பட்டிருக்கும் அறையோ படத்தில் தெரிந்தால், அனுமதி இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? கடிதத்தில் என்ன எழுதுவது? (மாணவி, பிறை)

பதில்: பயிற்சி தொடங்குவதற்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே எழுதுங்கள், அரசு சார்ந்த இடங்களில் கடிதம் பல மேசைகளைத் தாண்ட வேண்டியிருக்கும். மலாய் அல்லது ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும். ‘வரலாற்றில் ஆர்வம் உண்டு’ என்ற வரி எல்லாக் கடிதங்களிலும் இருக்கும். அந்த இடத்துக்கு ஒருமுறை பார்வையாளராகப் போய்வந்து, காட்சியில் தமிழ் எழுத்து உள்ள பொருள் எது, அதன் விளக்கக் குறிப்பில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்து, அதை நிரப்ப உங்களால் என்ன செய்ய முடியும் என்று எழுதுங்கள். பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்க முடியும் என்று எழுதுவதாக இருந்தால், அதற்கு முன் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியின் கடிதம் ஒன்றை எடுத்து முழுமையாக எழுத்துப்படியாக்கிப் பாருங்கள்; படிக்க முடியாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் வெற்றிடமாக விட்டு, அந்தப் பக்கத்தையும் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.