பொய் சொன்னது யார்?

கேள்வி: செலின் சியாமா இயக்கிய 'டாம்பாய்' (2011) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன். பத்து வயதுச் சிறுமி லோர், தன்னைப் பையன் என்று சொல்லி எல்லோரையும் ஏமாற்றுகிறாள். ஆறு வயதுத் தங்கை பொய் சொல்லி அதற்குத் துணை போகிறாள். இதைப் போய்க் குழந்தைகளுக்குக் காட்டலாமா?

பதில்: பொய்யா? அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். புது இடத்தில் யாரெல்லாம் சிநேகிதம் என்று சின்னவளிடம் வீட்டில் கேட்கிறார்கள். மிக்கேல் என்று ஒருவன் இருக்கிறான், எல்லோரிலும் அவனைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்கிறாள். மிக்கேல் என்பது லோர் வெளியே சொல்லிக்கொள்ளும் பெயர். அந்த மிக்கேல் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதில் எந்தச் சொல் பொய்? மிக்கேல் இருப்பது நிஜம், அவளுக்குப் பிடிப்பதும் நிஜம். அந்த வீட்டில் உண்மையை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அந்தச் சின்னவள்தான்.

இத்தனைக்கும் அவள் தேவதை ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறாள். விளையாட என்னையும் கூட்டிப் போ என்று பேரம் பேசுகிறாள். அப்புறம் அவளே கத்தரிக்கோலை எடுத்து அக்காவின் முடியை வெட்டிவிடுகிறாள். வெட்டி விழுந்த முடி மீசையாகிறது. பேரம் எந்த நிமிடத்தில் பாசமானது என்று பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. மலோன் லெவானா என்ற அந்தக் குழந்தை நடித்ததாகவே தோன்றவில்லை.

நான் 'உட்கார்ந்திருக்கிறது' என்று எழுதியதைக் கவனித்தீர்களா? 'குழந்தை சிரித்தது' என்று நான் எழுதும் போதெல்லாம், பிழை திருத்தும் நண்பர்கள் அதைச் 'சிரித்தாள்' ஆக்கிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் நடக்கும் சண்டை இது. குழந்தை சொல்லால் அஃறிணை, பொருளால் உயர்திணை. ஆணா பெண்ணா என்று கேட்காமலே ஒரு குழந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தமிழ் இடம் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தை அடைக்க இவர்களுக்கு ஏன் இத்தனை அவசரம்? சியாமாவும் கடைசிவரை அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டவில்லை. முதல் நாள் லிசா என்ற சிறுமி அதைப் பையன் என்று நினைத்துப் பெயர் கேட்கிறாள். கொஞ்சம் தயங்கி, 'மிக்கேல்' என்கிறது. ஏமாற்று என்று நீங்கள் சொல்வது அந்தத் தயக்கத்தில் தொடங்கியதுதான். திட்டம் போட்டுச் செய்தது எதுவும் அங்கே இல்லை.

காட்டலாமா என்று கேட்டீர்கள். பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கான திரைப்படத் திட்டத்திலேயே இதைச் சேர்த்துக் காட்டினார்கள். 2014-இல் ஆர்டே தொலைக்காட்சி ஒளிபரப்பப் போகிறது என்றதும், சிவிட்டாஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு அதை நிறுத்தக் கோரிக் கையெழுத்து திரட்டியது. ஆர்டே பின்வாங்காமல் ஒளிபரப்பியது. கலவரப்பட்டவர்கள் எல்லோரும் பெரியவர்கள்.

எனக்குத் தாங்க முடியாத இடம் வேறு. விஷயம் வெளிப்பட்டதும் அம்மா ஒரு நீல உடையை வலுக்கட்டாயமாக மாட்டிவிட்டு, குழந்தையை வீடு வீடாக இழுத்துப் போகிறாள். அவளும் கொடுமைக்காரி இல்லை, பள்ளி திறக்கப் போகிறதே என்ற பயம். ஆனால் கூசிப் போய் நிற்கும் அந்தத் தோள்களைப் பார்க்க முடியவில்லை. பிறகு காட்டுக்குள் அந்த உடை ஒரு மரக்கிளையில் தொங்குகிறது. குழந்தை அதை விட்டுவிட்டு நடந்து போகிறது.

காட்டுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். அந்த மரக்கிளை வரும்போது உங்கள் குழந்தை என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.